கைவைத்தது நான்தான்

ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள்களை இடம் மாற்றியது நான். பழியை உதவியாளர் பையன் தலையில் கட்டியதும் நான்தான். அன்று ஸ்டுடியோவில் இருந்தவர்களில் அவனைத் தவிர யாருக்கும் இது இன்றுவரை தெரியாது.

கான்டாக்ட் என்ற சாம்ப்ளர் மென்பொருளில் ஒரு வாத்தியத்தைத் திறக்க நாம் சொடுக்குவது என்.கே.ஐ. கோப்பு. பெரும்பாலும் சில எம்.பி.கூடத் தேறாது. எந்தக் கட்டைக்கு எந்த ஒலி, மெதுவாகத் தொட்டால் எது, ஓங்கி அடித்தால் எது என்ற கணக்கும், அந்த ஒலிகள் டிஸ்கில் எங்கே கிடக்கின்றன என்ற விலாசமும்தான் அதில் இருக்கும். ஒலிகள், அதாவது சாம்பிள்கள், தனி ஃபோல்டரில், ஜி.பி. கணக்கில். இது எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பல வருடம் ஓட்டினேன்.

நான் தொழில் பழகியது அகாய் எஸ்1000 சாம்ப்ளர் பெட்டியில். ஃப்ளாப்பியைச் செருகினால் புரோகிராமும் சாம்பிளும் ஒன்றாக ஏறும். அந்தப் பழக்கம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கான்டாக்ட் வந்தது 2002-ல். கற்றுக்கொள்ள அவகாசம் போதவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சின்னப் பசங்களிடம் கேட்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஒரு ராத்திரி அந்தப் பெரிய ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு இழுத்துப் போட்டேன். என்.கே.ஐ. இங்கேதானே இருக்கிறது என்ற தைரியம். மறுநாள் இசையமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பாட்டைத் திறந்தால் சாம்பிள்களைக் காணோம் என்று பெட்டி வந்து நின்றது. கீழே நீளமாகக் கோப்புப் பெயர்கள்.

"யாருப்பா கைவச்சது?" என்றார்.

"தம்பி நேத்து ஏதோ க்ளீன் பண்ணிட்டிருந்தான் சார்" என்றேன், வாய் கூசாமல்.

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். மறுத்துப் பேசவில்லை. அந்தப் பெட்டியிலேயே தேடவேண்டிய ஃபோல்டராக வெளி டிஸ்கைக் காட்டினான், வயலின்கள் ஏறின. அதோடு சேவ் செய்யவேண்டும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. மறுநாளும் அதே பெட்டி. இந்தமுறை அவன் ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, பேட்ச் ரீசேவ் போட்டு எல்லா என்.கே.ஐ.க்களிலும் விலாசத்தை ஒரேயடியாகத் திருத்தினான். அதற்கும் திட்டு வாங்கினான்: "முந்தாநாளே ஒழுங்கா வச்சிருந்தா இந்த வேலை இருக்கா?" நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வீட்டில் புது வெர்ஷனில் சேவ் செய்த வாத்தியத்தை ஸ்டுடியோவின் பழைய வெர்ஷன் திறக்காது. அதற்கு நான் சொன்ன காரணம், பையன் பென்டிரைவில் காப்பி எடுக்கும்போது கோப்பு கெட்டுப்போச்சு.

கொஞ்ச நாளில் அவனை மெயின் சிஸ்டத்தைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டான்.

புது எஸ்.எஸ்.டி.க்கு மாறியபோது மறுபடியும் அந்தப் பெட்டி வந்தது. அவனுக்குத்தான் போன் போட்டேன். "சொல்லுங்கண்ணே" என்று எடுத்து, எந்த மெனு, எந்த வரிசை என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். பழைய கதையை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இசையமைப்பாளர் இன்னும் அவனைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.