காற்றை எடுத்துக் கட்டிய பொதிகள்

1990 இல் ஊரை விட்டு ஓடி வந்தபோது உம்மாவின் கையில் ஒரு துணி மூட்டை மட்டுமே இருந்தது. அதனுள் இரண்டு சாரி, கொஞ்சம் அரிசி, வாப்பாவின் காணி உறுதி. பதினான்கு வருடங்கள் அந்த உறுதியைப் பெட்டியில் வைத்துக் காத்தா. 2004 டிசம்பர் 26 அன்று சாய்ந்தமருதுக் கரையிலிருந்த எங்கள் வீட்டுக்குள் கடல் புகுந்தது. நாங்கள் உயிர் தப்பினோம். பெட்டி போய்விட்டது. உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் பிரதி எடுக்க நான் கந்தோர் கந்தோராக அலைந்தது கொஞ்சமல்ல.

பின்னர் கத்தாரிலிருந்து வந்த தம்பி, காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும் சிறிய மெஷின் ஒன்றைக் கொண்டு வந்தான். கருவாடு, மிளகாய்த்தூள், வறுத்த அரிசிமா ஆகியவற்றைப் பொதி செய்து விற்கத் தொடங்கினேன். காற்று இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்காது, வண்டு பெருகாது, எண்ணெய்ச் சிக்கு மணமும் இலகுவில் வராது. ஆனால் பொருள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். மெஷின் வெயிலின் வேலையைச் செய்யாது.

இதை நான் 2022 இல்தான் உணர்ந்தேன். மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. பிரிஜ்ஜில் ஆறு பொதி மீன்கறி இருந்தது. மறுநாள் பார்த்தேன், நிறமும் மாறவில்லை, மணமும் இல்லை. “காத்தே இல்லையே ராத்தா, என்ன பழுதாகும்?” என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கை. பொட்டுலினம் என்ற கிருமி காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதன் நஞ்சு மணத்திலும் நிறத்திலும் தெரியாமல் இருக்கலாம், உயிரையே பறிக்கும். மீன் விற்ற விலையை நினைத்து அழுகை வந்தது. ஆனாலும் ஆறு பொதியையும் புதைத்தேன். ஈரமான உணவைப் பொதி செய்தாலும் குளிரில்தான் வைக்க வேண்டும். நாட்கணக்கில் வைப்பதானால் உறைய வைக்க வேண்டும்.

மெஷின் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். காய்ந்த பொருளை இறுக மூடும் பையில் போட்டு, வாய் மட்டும் வெளியே தெரிய வாளித் தண்ணீரில் மெல்ல அமிழ்த்துங்கள். தண்ணீர் நெருக்கிக் காற்றை வெளியேற்றும். உடனே மூடிவிடுங்கள்.

எங்கள் தாள்களையும் பொதி செய்தேன். ஈரமில்லாத தாள்களை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்து, கசங்காதபடி காற்றை அரைவாசி மட்டும் இழுத்து ஒட்டினேன். பிரதிகளை வேறு வீட்டில் கொடுத்து வைத்தேன். பொதி கதவோரம் தொங்குகிறது.

அதைக் கண்ட உம்மா, “மகள், திரும்பவும் ஓட வேணுமா?” என்று கேட்டா.

“ஓட வேண்டி வராது உம்மா. வந்தாலும் இந்த முறை உறுதி நனையாது” என்றேன்.

சகோதரிகளே, நாம் இழந்தவை பல. மிஞ்சியிருக்கும் தாள்களையாவது இன்றே ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.