ஊசி இல்லாமல் ஒரு பல் அடைப்பு!

"ஊசி போடுவாங்களாம்மா?"

பல் கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் ஒன்பது வயது மகள் கேட்டாள். சொத்தை அவளுக்கு இல்லை, எனக்குத்தான். ஆனாலும் அவள் கை சில்லிட்டிருந்தது. அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஊசி பயம் பரம்பரைச் சொத்து. பல் வலி வந்தால் அம்மா கிராம்பைக் கடித்துக்கொண்டே சமைப்பார். 'ஈறுல ஊசி குத்துவாங்க' என்றே தள்ளிப்போட்டு, ஐம்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களை எல்லாம் இழந்தார். முறுக்கைக் காபியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவார். நானும் அதே பாதையில் இரண்டு வருடங்களாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தேன்.

"லேசர்ல பண்ணினா ஊசி வேண்டாமாம்" என்று அலுவலகத் தோழி சொன்ன பிறகுதான் தைரியம் வந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். "ரெண்டு பல் இருக்கு. கீழ்ப்பல்லுல சொத்தை ஆழமா போகலை. லேசர்ல பண்ணலாம், அநேகமா ஊசி தேவைப்படாது. மேல்பல்லுல பழைய வெள்ளி அடைப்புக்கு அடியில சொத்தை. உலோகத்தை லேசரால எடுக்க முடியாது. அதுக்கு டிரில்தான், ஊசியும்தான்."

பாதி நிம்மதி, பாதி நடுக்கம்.

இதற்குப் பயன்படுவது எர்பியம் வகை லேசர். இதன் ஒளியைத் தண்ணீர் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். பல்லுக்குள் இருக்கும் துளி ஈரம் நொடிக்கும் குறைவான நேரத்தில் ஆவியாகி வெடிக்க, அந்த இடம் துகள் துகளாகப் பெயர்கிறது. சொத்தையான பகுதியில் ஈரம் அதிகம் என்பதால் அது எளிதாகப் போய்விடும். டிரில்லின் அதிர்வு இல்லாததால் வலி குறைவு. அமெரிக்காவில் 1997-லேயே பல்லைக் குடைய இதற்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். நான்தான் தாமதம்!

எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி தந்தார்கள், மகளுக்கும்தான். "3டி படம் மாதிரி இருக்கும்மா" என்று சிரித்தாள்.

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க."

'டப்... டப்...' என்று சோளம் பொரிவதுபோல் சத்தம். கூடவே தண்ணீர் பீய்ச்சியது. நடுவில் இரண்டு முறை சுரீர் என்றது, ஐஸ் தண்ணீர் பட்டதுபோல. கையைத் தூக்கினேன், நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். பிறகு பல் நிறத்திலேயே அடைப்பு வைத்து, நீல விளக்கால் இறுகவைத்தார். சாதாரண முறையைவிட நேரமும் அதிகம், செலவும் அதிகம். ஆனால் எழுந்தபோது வாய் மரத்துப்போகவில்லை.

"அடுத்த வாரம் ஊசிக்கு வருவியாம்மா?" ஆட்டோவில் மகள் கேட்டாள்.

வழக்கம்போல் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். ஆனால் ஊறிய முறுக்கும் அம்மாவின் முகமும் நினைவுக்கு வந்தன.

"வருவேன். நீயும் வா."

போனோம். முதலில் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவினார்கள். ஊசி ஏறியபோது எறும்பு கடித்ததுபோல் இருந்தது. இதற்காகவா இத்தனை வருடம்! மகளின் கையை நான் நசுக்கியதுதான் மிச்சம்.

லேசர் என் பயத்தை முழுசாகப் போக்கவில்லை. அந்த நாற்காலியில் என்னை ஏற்றி உட்காரவைத்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

நான் இறங்கியதும் மகள் தானாகவே அதில் ஏறிக்கொண்டாள்.

"டாக்டர் ஆன்ட்டி, எனக்கும் சொத்தை இருக்கான்னு பாருங்க!"