வத்தளைக்குப் போவதா?

சென்ற மாதம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. லயத்துக்கு வரும் கடிதம் முதலில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கே யாராவது மனம் வைத்தால் பின்னர் எங்கள் கைக்கு வரும். காம்பராவுக்கு இலக்கம் உண்டு, முகவரி இல்லை. ஆகவே நான்கு நாள் தாமதமாகவே செய்தி கிட்டியது. வத்தளையில் தேயிலையைக் கலந்து பொதிசெய்யும் களஞ்சியசாலை ஒன்றில் எங்கள் இருவருக்குமே வேலை உண்டு என்றும், மாத முடிவுக்குள் பதில் எழுதவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது.

நாங்கள் என்பது கணவனும் மனைவியும். ஒருவர் மஸ்கெலியாக் கடைவீதியில், ஒரு கடையின் மாடி அறையில் பிள்ளைகளுக்குத் தனிவகுப்பு நடத்துபவர். மற்றவர் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுப்பவர். வந்த கடிதம் இருவருக்கும் பொதுவானபடியால் இதையும் இருவர் பெயராலேயே எழுதுகிறோம்.

கணக்கை முதலில் பார்த்தோம். தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆயிற்று. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் எத்தனை போராட்டம், எத்தனை பேச்சுவார்த்தை என்பதை வாசகர் அறிவர். அந்த 1350இல் மாதம் இருபது பேர் விழுந்தால் 27,000. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் கழியும். மழை மாதங்களிலோ இருபது பேர் விழுவதில்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். தனிவகுப்பின் வரும்படியைச் சொல்லாமல் விடுவதே மேல். கட்டணம் கொடுக்க இயலாத பிள்ளையை எழுந்து போ என்று சொல்ல எங்களால் ஆவதில்லை. வத்தளையில் கணக்கெழுதுபவருக்கு 60,000, பொதிசெய்பவருக்கு 36,000 என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் பஸ் ஏறி, வீடு பார்க்கப் போனோம். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட வழி. எங்கள் மஸ்கெலியா ஓயா கெகல்கமு ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகி, கித்துல்கலையில் பாதையோடு ஓடி வந்து, கடைசியில் வத்தளையை ஒட்டிக் கடலில் கலக்கிறது. கொழுந்தும் அப்படித்தான் போகிறது. 1883 முதல் தேயிலை ஏலம் நடப்பது கொழும்பில். நாங்கள் பறித்தது தூளாகி மூட்டையில் இறங்குகிறது. இப்போது பறித்தவர்களையும் கூப்பிடுகிறார்கள்.

வத்தளை பழைய புறநகர். ஒல்லாந்தர் 1708இல் கட்டிய குஷ்டரோக மருத்துவமனை பக்கத்து ஹெந்தளையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளையர் வெட்டிய ஹமில்டன் கால்வாய் ஊரை அறுத்துக்கொண்டு வடக்கே போகிறது. பிரதான வீதியில் புதிய மாடிகள் எழுந்துள்ளன. நாங்கள் பார்த்ததோ கால்வாய்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், ஓடு கறுத்துச் சுவர் ஊதிய ஒரு வீட்டின் பின்கட்டு. வாடகை 25,000; ஆறு மாதத்து முற்பணம். சுவரில் முழங்காலளவுக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. 2016 மே மாதத்தில், களனி கங்கை பெருகிக் கொலன்னாவை முதலிய தாழ்நிலங்களை மூழ்கடித்தபோது, இங்கும் தண்ணீர் நின்றதாக வீட்டுக்கார அம்மாள் சொன்னார். அதற்காக நாங்கள் பயப்படவில்லை. 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்ததைக் கேட்ட நாளிலிருந்து, பெருமழை இரவுகளில் எங்கள் லயத்தில் யார்தான் நிம்மதியாகத் தூங்கினார்கள்?

அம்மாள் நல்லவர், தேநீர் கொடுத்தார். "எந்த ஊர்?" என்றார். மஸ்கெலியா என்றோம். "தோட்டமா, டவுனா?" என்றார். தோட்டம் என்றோம். முற்பணம் அப்போதுதான் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷமாயிற்று.

திரும்பும் வழியில் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் புறக்கோட்டைக் கடையொன்றில் சிப்பந்தியாயிருந்து, 1983 ஜூலையில் உடுத்த துணியோடு மலைக்கு வந்து சேர்ந்தவர். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு அனுப்பினார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்தச் செய்தியைக் கேட்டு, "தடுக்கவாவது ஒரு கோடு இருக்கே இப்ப" என்று பெரியப்பா சொன்னதும் ஞாபகம் வந்தது.

உண்மையில் எங்கள் குடும்பத்தில் 'போவதா, இருப்பதா' என்று யாரும் யோசித்ததே இல்லை. யோசிக்க விட்டதில்லை என்பதே சரி. பூட்டனாரைக் கங்காணி கூட்டி வந்தார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பாட்டனாரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேரைப் பங்கிட்டார்கள்: 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று. அந்தப் பங்கீட்டில் பாட்டனாரின் தங்கை இராமேசுவரத்துக்கு கப்பலேறினார். பாட்டனார் இங்கே நின்றார்.

ஏன், எங்கள் ஊரே அப்படித்தான். இன்றுள்ள மஸ்கெலியா பழைய மஸ்கெலியா அன்று. மவுசாகலை அணை 1969இல் நிறைந்தபோது பழைய பட்டினம் தண்ணீருக்குள் போயிற்று. மேட்டில் புதிய ஊரைக் கட்டினார்கள். வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். ஊர் முழுவதும் பார்க்கப் போகும். சிலர் சூடம் கொளுத்துவார்கள். அந்தத் தண்ணீர் பொல்பிட்டியவில் மின்சாரமாகி நாடெங்கும் விளக்கெரித்தது. எங்கள் லயத்துக்கு அந்த விளக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆகவே இது எங்களுக்கு முதல் முறை. கையில் கடிதம், பதில் எழுத நாங்களே. எனினும் முடிச்சு வேறோர் இடத்தில் விழுந்திருந்தது.

அம்மா ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. நாற்பது வருஷம் கூடை சுமந்த முதுகு இன்று நிமிர்வதில்லை. காம்பரா தோட்டத்துக்குரியது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கும்வரையில்தான் அது எங்களுடையது. அந்தப் பெயர் இப்போது எங்களில் ஒருவருடையது மட்டுமே. நாங்கள் இருவரும் இறங்கினால் பெயர் வெட்டப்படும். காம்பராவை அம்மாவின் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டோம். எழுத்தில் பதில் இல்லை. "வேலை செய்யாதவருக்குக் காம்பரா எப்படி?" என்று வாயால் சொல்லியனுப்பினார்கள். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் பெறுவோர் பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது. எத்தனையாவது என்று கேட்டால் ஒருவரும் சொல்வதில்லை.

அம்மாவையும் கூட்டிப்போகலாமே என்பீர்கள். கேட்டோம். "தம்பி, அந்த உப்புக்காத்துல நான் ரெண்டு மாசம் தாங்கமாட்டேன். உங்க அப்பாவப் பொதச்சது இங்க" என்றார். சற்றுக் கழித்து மருமகளைப் பார்த்து, "எனக்காக ரெண்டு பேரும் பிரியவேணாம் புள்ள. காம்பரா போனா போகட்டும், கோயில் திண்ணையில கெடப்பேன்" என்றார். அது அவர் மனமறிந்து சொன்னதன்று; இரவு முழுதும் அவர் புரண்டுகொண்டிருந்ததை மெல்லிய தடுப்புக்கு இப்பால் நாங்கள் கேட்டுக்கொண்டே கிடந்தோம்.

எங்கள் லயத்தில் இருபது காம்பரா. ஒருவர் கொழும்புக் கடையிலும் மற்றவர் இங்குமாக வாழும் குடும்பங்கள் அதில் ஏழு. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் வந்துபோகும் தகப்பனைப் பிள்ளைகள் 'மாமா' என்று அழைப்பதைக் கண்டிருக்கிறோம். அப்படி ஒரு வாழ்வு வேண்டாம் என்று திருமணத்துக்கு முன்பே பேசி வைத்தவர்கள் நாங்கள். தனிவகுப்பில்கூட இதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே பேசியதுண்டு.

இருந்தும், மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் நாங்கள் எழுதிய பதில் இது: கணக்கு வேலையை ஏற்கிறோம், பொதிசெய்யும் வேலையை இப்போது ஏற்க இயலவில்லை, ஓராண்டு கழித்து இடமிருந்தால் அறிவிக்கவும். செக்ரோலில் உள்ள பெயர் மலையிலேயே நிற்கும். போகிறவர் வீடெடுக்காமல் ஓர் அறையில் மூன்று பேரோடு தங்குவார். காணிப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை எழுத்தில் கேட்டு, லயத்திலுள்ள இருபது குடும்பத்தாரிடமும் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம், பதினான்கு ஆகியிருக்கிறது. தனிவகுப்பை, உயர்தரம் முடித்த மாணவி ஒருத்தி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

கடிதத்தைத் தோட்டத்து ஆபீசில் கொடுக்காமல் மஸ்கெலியாத் தபாற்கந்தோருக்கு இருவருமாக நடந்து போய்ப் போட்டோம். பதில் அனுப்பவேண்டிய முகவரியாக, தனிவகுப்பு நடக்கும் கடையின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறோம்.