தண்ணி காணாது

ரொறொன்ரோவில் தக்காளிக் கன்றை வெளியில் நடுவதற்கு விக்ரோறியா டே வரை பொறுத்திருக்க வேண்டும். மே 25க்கு முன் வரும் திங்கட்கிழமை அது. ஆனால் மே தொடக்கத்தில் இரண்டு நாள் வெயில் எறித்தாலே போதும், ஸ்காபரோத் தமிழரில் பாதிப்பேர் கன்றை நட்டுவிடுவார்கள். அடுத்த கிழமை இரவுகளில் பழைய படுக்கை விரிப்புகளோடு வளவுக்குள் ஓடித் திரிவதும் அவர்கள்தான். உறைபனி தப்பினாலும் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் கன்று விறைத்து நிற்கும். இரண்டு கிழமை பிந்தி நட்டது அதை முந்திக்கொண்டு போய்விடும்.

அப்பா அவசரப்படுகிறவர் இல்லை. புன்னாலைக்கட்டுவனில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர். அங்கே தக்காளி அவருக்கு ஒரு பயிரே அல்ல. வெங்காயப் பாத்தி ஓரத்தில் ஏதோ தன்பாட்டில் நின்று காய்த்தது. இங்கே வந்த பிறகுதான் அதற்கு மதிப்புக் கொடுத்தார். மார்ச் கடைசியில் பேஸ்மென்ரில் ரியூப் லைற்றுக்குக் கீழே விதை போடுவோம். கன்றை நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போக வேண்டும். தண்டின் மயிர்களுக்கிடையிலிருந்து வேர் விடுகிற செடி அது. முதல் வருடம் நான் அப்படி நட்டதைப் பார்த்து, "என்ன பிள்ளை, கன்றை உயிரோடை தாக்கிறாய்?" என்று சிரித்தார். அடுத்த வருடம் என்னைவிட ஆழமாகத் தோண்டினார்.

கறிக்கு ரோமாவைப் போல வேறொன்றில்லை: சதை கூட, தண்ணீரும் விதையும் குறைவு. அதோடு ஒரு வரிசை மனிற்றோபா. பெயருக்கேற்றபடி புல்வெளி மாகாணத்தின் குறுகிய கோடைக்கென்று உண்டாக்கப்பட்ட இனம், முந்திக் காய்க்கும். பக்கத் துளிர்களைக் கிள்ளுவது, நிலத்திலிருந்து ஓரடி உயரத்துக்கு இலை இல்லாமல் வைத்திருப்பது, அடியில் வைக்கோல் பரப்புவது எல்லாம் அப்பாவின் பொறுப்பு. தண்ணீர் மண்ணில் பட்டுத் தெறிக்கும்போதுதான் பூஞ்சண வித்துகள் கீழ் இலைக்கு ஏறுகின்றன. ஒன்பது வருடங்கள் எங்கள் வளவில் பெரிய வருத்தம் எதுவும் வரவில்லை.

பத்தாவது வருடம் யூலையில் கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

தக்காளிக்கு இலை மஞ்சளாவதற்குப் பல காரணங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். முற்கருகல் என்றால் மண்ணிறப் புள்ளிக்குள் வளையம் வளையமாக, அம்பு எய்யும் பலகையைப் போல இருக்கும். இல்லை. செப்ரோரியா என்றால் நடுவில் சாம்பல் நிறத்தோடு சிறு சிறு பொட்டுகள். அதுவும் இல்லை. பிற்கருகல், அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய், வந்திருந்தால் எண்ணெய் பட்டதுபோல் கறுத்துப் போகும். இரண்டு கிழமைக்குள் தோட்டமே இராது. எங்கள் செடிகள் அப்படிச் சாகவில்லை. சோர்ந்து நின்றன. மத்தியான வெயிலுக்குத் தக்காளி வாடுவது வழமை, அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. விடியப்புறம் ஆறு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கும் தலை தொங்கித்தான் நின்றன.

பிறகு காய்களின் அடி கறுத்து, தோல் செருப்பைப் போல் தட்டையாகியது. இதற்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு மாமி முட்டைக்கோது இடித்துப் போடச் சொன்னார். இன்னொருவர் நெஞ்செரிவுக்குப் போடும் குளிசையை அடியில் புதைக்கச் சொன்னார். இந்தப் பகுதி மண்ணில் சுண்ணாம்புக்குப் பெரும்பாலும் குறைவில்லை. அது காய்க்குப் போய்ச் சேர வேண்டும், கொண்டுபோவது தண்ணீர், தண்ணீரை எடுப்பது வேர். நான் வைக்கோலை விலக்கி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டேன். குளத்துச் சேறு மணத்தது.

அந்தக் கிழமை எனக்கு வேலையில் லீவு. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி யன்னலுக்கருகில் இருந்தேன். ஏழு மணிக்கு அப்பா ஹோஸை இழுத்து வந்து பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விட்டார். எட்டேகாலுக்கு மறுபடியும் விட்டார். ஒன்பதரைக்கு நான் வெளியே போனேன்.

"இப்பதானே விட்டனீங்கள் அப்பா?"

"எங்கை? காலமை இன்னும் விடேல்லைப் பிள்ளை. பார், வாடிப்போய் நிக்குது. தண்ணி காணாது."

ஒளிக்கிற முகம் இல்லை அது. வேலை பிந்திவிட்டதே என்ற கவலை மட்டுந்தான் அதில் இருந்தது. அன்று இருட்டும் வரை எண்ணினேன். ஆறு தரம்.

தண்ணீர் கூடிப்போன தக்காளியும் தண்ணீர் காணாத தக்காளியும் பார்வைக்கு ஒன்றுதான். வேருக்கும் காற்று வேண்டும். சேற்றுக்குள் அது மூச்சுத் திணறும், தண்ணீரை எடுக்கும் பலம் போய்விடும், மேலே இலை வாடும். வாடிய இலையைக் கண்ட தோட்டக்காரன் வேறென்ன செய்வான்? ஊரில் அப்பா மிசின் போட்டு இறைத்தது செம்மண்ணுக்கு. அடியில் சுண்ணாம்புக்கல், விட்ட தண்ணீர் இறங்கிவிடும். இங்கே மேல்மண்ணுக்குக் கீழே களி. ஆனால் இந்தக் களியை அவருக்கு ஒன்பது வருடமாகத் தெரியும். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணி மாறவேண்டும் என்று கடிகாரம் பாராமல் சொல்லக்கூடியவர் அவர்.

வீட்டில் வேறு அடையாளங்களும் இருந்திருக்கலாம். எழுபத்தெட்டு வயதில் ஒரு கதையை இரண்டு தரம் சொல்வதும், கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தேடுவதும் யாருக்குத்தான் இல்லை? தக்காளிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஆறு தரம் விட்டால் ஆறு தரத்துக்குமான கணக்கை அது இலையில் எழுதிவிடுகிறது.

ஓகஸ்டில் ஞாபகப் பரிசோதனைக்குப் போனோம். வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்டார்கள். இன்றைக்கு என்ன திகதி என்று கேட்டதற்கு, "தக்காளி பழுக்கத் தொடங்கின நேரம்" என்றார். நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ரொறொன்ரோவில் ஓகஸ்ட் மாதத்துக்கு அது சரியான விடை. புள்ளி கிடைக்கவில்லை.

இங்கே வெளிக்குழாய்க்கு வீட்டுக்குள்ளே ஒரு வால்வு உண்டு. குழாய் உறைந்து வெடிக்காமலிருக்க ஒக்ரோபரில் மூடுவோம். அதை இப்போதே மூடிவிடு, பிரச்சினை முடிந்தது என்று தம்பி சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. தண்ணீர் வராத ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு, நான்கு பாத்திக்கு நடுவில் அவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் தோட்டத்தை மாற்றினோம். தக்காளியை நிலத்திலிருந்து எடுத்து, 40 லீற்றர் அளவான துணிப் பைகளில் நட்டோம். துணிப் பையில் தண்ணீர் தேங்காது, கூடினது வழிந்துவிடும். யூலை வெயிலில் அதற்கு நாளுக்கு இரண்டு தரம் விட்டாலும் கணக்குச் சரி. தண்ணீரோடு பசளையும் கழுவுப்பட்டுப் போவதால் இரண்டு கிழமைக்கொருமுறை கரைத்து ஊற்ற வேண்டும், அது என் வேலை. ஹோஸை எடுத்து வைத்துவிட்டு இரண்டு பூவாளிகள் வாங்கினோம். வாளி கனம், களைத்தால் அவரே ஓய்ந்துவிடுவார்.

களிமண் பாத்தியில் பொன்னாங்காணியும் வல்லாரையும் வைத்தோம். வல்லாரை ஞாபகத்துக்கு நல்லதென்று வருகிற எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் வைத்தது அதற்காக இல்லை. எவ்வளவு ஈரத்தையும் தாங்கும் என்பதற்காகத்தான். அப்பா காலையில் விட்ட தண்ணீரைப் பத்து மணிக்கும் விடலாம், பன்னிரண்டுக்கும் விடலாம். அந்தப் பாத்தியில் அவர் செய்வதெல்லாம் சரி.

பக்கத் துளிர் கிள்ளுவது மட்டும் இன்னும் பிசகவில்லை. தண்டுக்கும் இலைக்கும் இடையில் முளைத்து நிற்பதை, பூங்கொத்துக்கு ஒரு சேதமும் இல்லாமல், பேசிக்கொண்டே கிள்ளி எறிவார். என் பெயருக்குப் பதிலாகச் சில நாட்களில் தன் தங்கையின் பெயரைச் சொல்லித்தான் பேசுவார். நான் "ஓம்" என்பேன்.

துணிப் பையில் வைத்த முதல் வருடம் ரோமா எட்டுச் செடியும் அடி கறுக்காமல் காய்த்தன. ஒக்ரோபர் குளிருக்கு முன் மிச்சக் காய்களைப் பிடுங்கிச் செய்தித்தாளில் சுற்றி, ஒரு வாழைப்பழத்தோடு பெட்டியில் வைத்தோம், நத்தார் வரை பழுத்துக்கொண்டிருந்தன. பொன்னாங்காணிதான் சமாளிக்க முடியவில்லை. கிழமைக்கு மூன்று நாள் வறை, அக்கம்பக்கத்துக்கு ஆளுக்கொரு பை. வெட்டிவிட்டுத் திரும்பினால் அப்பா வாளியோடு வந்து நிற்பார்.