பனிச்சரிவும் புள்ளித்தாளும்

மார்கழி விடியலிற் புல்நுனியிற் காண்பதையன்றி வேறு பனியறியாத எலுவன்குளத்திலிருந்து, பனிச்சறுக்கைப் பற்றி எழுதப் புகுந்தோம். எம்முடன் பயின்ற பழைய மாணவர் நகைப்பர். நகைக்கட்டும்.

2022 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நிகழ்ந்த குளிர்கால ஒலிம்பிக் விழாவைத் தொலைக்காட்சியிற் கண்டோம். இந்தியாவின் சார்பிற் சென்ற ஒரே வீரர் காஷ்மீரத்து ஆரிஃப் கான். அவர் பொருட்டே பார்க்கலானோம். அவர் பயின்றது ஆல்பைன் ஓட்டம். நாட்டிய கம்பங்களிடையே வளைந்து வளைந்து விரைந்திறங்குவது. ஜயன்ட் சிலாலத்தில் 45 ஆம் இடம் பெற்றார். அவ்விழாவிலேயே மோகுல் என்னும் வேறொரு சறுக்கையும் கண்டோம். நெருங்கிய பனிமேடுகள் நிறைந்த செங்குத்துச் சரிவு. நீளம் ஏறத்தாழ 250 மீற்றர். இடையே இருமுறை வானிற் பாய்ந்து சுழலவும் வேண்டும்.

இவ்விருவருள் வல்லவர் யாவரென வகுப்பில் மாணவர் வினாவினர்.

கிறவல் பெயர்ந்த எம்மூர் வீதியிலே துவிச்சக்கர வண்டி மிதித்தவர் மோகுல் வீரனை எளிதில் அறிவர். ஆசனத்தில் அழுந்தியிருந்தால் இடுப்பு முறியும். எழுந்து நின்று, முழங்காலை மடக்கியும் நீட்டியும், மேடுபள்ளத்தைக் கால்களே விழுங்கிவிடச் செய்தால் தலை அசையாது. அவ்வீரனும் இரு பாதங்களையும் நெருக்கி, மார்பைச் சரிவை நோக்கி நிறுத்தி, இடுப்பின் கீழ்மட்டுமே ஆடுகின்றான். ஆல்பைன் வீரனோ கால்களை அகற்றி, உடலை வளைவின் உட்புறம் சாய்த்து, பலகையின் விளிம்பை இறுகிய பனியிற் கத்திபோற் பதிக்கின்றான். விளிம்பு வழுக்கினால் நேரம் போயிற்று. நெடுஞ்சரிவு ஓட்டத்தில் மணிக்கு 130 கிலோமீற்றரையும் கடப்பர். அச்சத்தை வெல்வதில் இவனே பெரியனென்பது எம் கருத்து, முழங்காலுக்கு மற்றவன்.

ஆயினும் எம்மை உறங்கவிடாது செய்தது வேறொன்று. ஆல்பைன் ஓட்டத்திற் கடிகாரமே நடுவர். நொடியின் நூற்றிலொரு பங்குவரை கணிப்பர். 2014 இற் சோச்சியில் சுலோவேனியாவின் டீனா மாசேயும் சுவிற்சர்லாந்தின் டொமினிக் கிசினும் ஒரே நேரத்தில் முடிக்க, இருவருக்கும் பொற்பதக்கம் ஈந்தனர். மோகுலுக்கோ நடுவர் குழுவுண்டு. நூறு புள்ளியில் திருப்பங்களுக்கு 60, பாய்ச்சலுக்கு 20, விரைவுக்கு 20.

கல்லூரி நாளிற் பேச்சுப்போட்டி ஒன்றில் தோற்றபின், நடுவரெல்லாம் குருடரென்றும் கடிகாரத்துக்கே முகதாட்சணியம் இல்லையென்றும் முடிவுகட்டி, 1500 மீற்றர் ஓட்டத்திற் சேர்ந்தவர் யாம். பின்னர் ஆசிரியராகி, யாமே நடுவராய் அமர்ந்தோம். சில ஆண்டுகளின் முன் ஒரு போட்டியில், ஒரு சிறுவன் இடிபோல் முழங்கினான், அவை கைதட்டிற்று. ஒரு சிறுமி சொல்லுக்குச் சொல் பிழையின்றி, பொருள் சிதையாமல், அமைதியாகப் பேசி இறங்கினாள். முதலிடத்தைச் சிறுவனுக்கு ஈந்தோம். வேறுபாடு இரண்டே புள்ளி. அவள் அதன்பின் மேடையேறவில்லை. பெய்ஜிங் ஆட்டத்தின் புள்ளிமுறையைக் கேட்ட அன்றே எமக்கு விளங்கிற்று: யாம் பாய்ச்சலுக்கு அறுபதும் திருப்பத்துக்கு இருபதும் இட்டிருந்தோம்.

சென்ற தவணை மீண்டும் நடுவராய் அழைத்தனர். பேச்சுத் தொடங்குமுன் புள்ளித்தாளை வாங்கி, எதற்கு எத்துணையென ஓரத்திற் குறித்துக்கொண்டோம். பக்கத்திருந்த நடுவர் காரணம் வினாவினார். பனிச்சறுக்கு என்றோம். அவர் எம்மை ஏற இறங்க ஒருமுறை பார்த்துவிட்டுத் தம் தாளுக்குத் திரும்பினார்.