தொண்டைமானாற்றில் மிஸ்டர் பீன்

ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் ஆறு என்று பெயர் பூண்டு நிற்கும் ஊர் தொண்டைமானாறு. அச்சுவேலியைத் தாண்டி நாம் பாலத்தை அணுகியபோது, விரிந்து கிடந்த நீர்ப்பரப்பைக் கண்ட எம் இளைய மகன், "அப்பா, இந்த ஆறு எந்த மலையிலயிருந்து வருது?" என்று வினவினான். மலையுமில்லை, ஊற்றுமில்லை, வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாயே இது என்று விளக்கினோம். கலிங்கம் வென்ற கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பக்கத்தில் விளைந்த உப்பைக் கலங்களில் ஏற்றுவதற்காக இவ்வோடையை வெட்டி ஆழப்படுத்தினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. இன்று உப்புக்கலம் வருவதில்லை. கடலின் உவர்நீர் உள்ளே புகாமலும், மாரி மழைநீர் வீணே கடலுக்கு ஓடாமலும் காக்கும் அணைக்கதவுகளே அவ்விடத்தைக் காத்து நிற்கின்றன.

மகனுடைய மனமோ ஆற்றிலும் இல்லை, தொண்டைமானிலும் இல்லை. முந்திய இரவு வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்த்த 'மிஸ்டர் பீன்' நாடகத்திலேயே அது தங்கியிருந்தது. 1990ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதற் பாகம் அது. அதில் மூன்றே இடங்கள்: பரீட்சை மண்டபம், கடற்கரை, தேவாலயம். "நாங்களும் இண்டைக்கு அதே மூண்டு இடத்துக்கும் போறம்" என்று சிறுவன் கண்டுபிடித்துச் சொன்னான். உண்மைதான். உயர்தர வகுப்பில் பயிலும் எம் மூத்த மகள் வெளிக்கள நிலையத்தைப் பார்க்க வேண்டுமென்றாள். கடலில் நீராட வேண்டுமென்பது மகனின் விருப்பம். சந்நிதியானை வழிபட வேண்டுமென்பது இல்லாளின் நேர்த்தி.

வடபுலத்தில் உயர்தரம் பயின்ற எவரிடமும் 'தொண்டைமானாறு' என்று சொல்லிப் பாருங்கள். ஆறு நினைவுக்கு வருமுன் வினாத்தாள் நினைவுக்கு வரும். அந்நிலையத்தின் மாதிரிப் பரீட்சைகள் அத்துணைப் பெயர் பெற்றவை. வாயிலின் முன் நின்ற மகள் ஒன்றும் பேசவில்லை. முந்திய இரவும், பரீட்சைக் காட்சியில் நாமனைவரும் வயிறு குலுங்கச் சிரிக்க, அவள் ஒருத்தியே சிரிக்கவில்லை.

அக்காட்சி இதுதான். பீன் திரிகோண கணிதத்தை மட்டும் படித்துக்கொண்டு போகிறார். உறையிலிருந்து எடுத்த தாளிலோ நுண்கணிதம். அடுத்திருப்பவரின் விடையை எட்டிப் பார்க்க அவர் படும் பாடு கொஞ்சமன்று. நேரம் முடியும் தறுவாயிலேதான், திரிகோண கணிதத் தாள் அதே உறைக்குள் ஆரம்பம் முதலே கிடந்தமை தெரியவருகிறது.

பீனாக நடித்த றோவன் அற்கின்சன் மின்பொறியியல் பயின்று ஒக்ஸ்போட்டிலும் படித்தவர் என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நன்று. பரீட்சை மண்டபத்தின் வேர்வையை அவர் கேள்விப்பட்டு நடிக்கவில்லை. அவருடைய நகைச்சுவையில் பேச்சு மிக அரிது. இங்கிருந்து கூப்பிடு தொலைவென்றே சொல்லத்தக்க கரவெட்டியில் பிறந்து, 2014இல் கனடாவில் மறைந்த கே. எஸ். பாலச்சந்திரனோ 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பிலே, பேச்சாலேயே ஒரு பஸ் வண்டியையும் அதன் பிரயாணிகளையும் மேடைக்குக் கொண்டுவந்தவர். இரண்டும் இருவேறு வித்தைகள். எம் வாக்கு கரவெட்டிக்கே. ஆனால் வீட்டுச் சிறுவர்களின் வாக்கு வேறு.

கடற்கரைக்குச் சென்றோம். நாடகத்தில், அருகே ஒருவர் அமர்ந்திருக்கிறாரே என்ற கூச்சத்தால், காற்சட்டையைக் களையாமலே நீச்சலுடைக்கு மாற முயன்று பீன் அல்லற்படுகிறார். ஈற்றில் அம்மனிதர் எழுந்து நடக்கும்போதுதான் அவர் கண்பார்வையற்றவர் என்பது தெரிகிறது. எம்மூரவர் இதைப் பார்த்தால் முதலில் கேட்பது, "ஒரு சாரம் கொண்டு போயிருக்கக்கூடாதோ?" என்பதே. சாரத்தின் தலைப்பைப் பல்லிடுக்கிற் பற்றிக்கொண்டு அரை நிமிடத்தில் உடைமாற்றும் கலையை எந்தக் கல்லூரியும் எமக்குக் கற்பிக்கவில்லை. எனினும் நாற்பதைக் கடந்த வயிற்றை எண்ணி நாமும் நாற்புறமும் நோக்கினோம். வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஈர உடை மாற்றிச் செல்வச்சந்நிதிக்கு நடந்தோம். தேவாலயக் காட்சியிலே பீனுக்குப் பாட்டின் வரிகள் தெரியா. "அல்லேலூயா" என்ற சொல் வரும்போது மட்டும் உரத்த குரலெடுத்துத் தம்மை ஈடேற்றிக்கொள்வார். சந்நிதியில் அவ்வச்சம் எவருக்கும் வேண்டுவதில்லை. மருதர் கதிர்காமர் வழிவந்த மரபின்படி, பூசகர் வெண்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மந்திரமின்றிப் பூசை செய்கிறார். தேவாரம் அறிந்தோரும் அறியாதோரும் அங்கே ஒரே மௌனத்தில் நிற்கின்றனர். மகன் எம் கையைப் பற்றியபடி அசையாது நின்றான்.

பூசை முடிந்து, அன்னதானக் கந்தனின் பெயருக்கேற்ப மடமொன்றில் இலையின் முன் அமர்ந்தோம். சோற்று வாளியுடன் பந்தியில் வந்தவர் எம்முன் தயங்கி நின்று, "சேர்" என்றார். குரலைக் கொண்டே இனங்கண்டோம்.

நாம் ஆசிரியப் பணியை ஏற்ற புதிதில் எம்மிடம் பயின்ற மாணவர் அவர். தவணைப் பரீட்சையொன்றில் வினாத்தாள் இரண்டு ஏடுகளாக இருந்தது. அவர் முதலாவதற்கு மட்டுமே விடையெழுதிவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் கைகட்டி அமர்ந்திருந்தார். அதனை நாம் வகுப்பில் நடித்துக் காட்டினோம். கைகட்டியதையும், கூரையைப் பார்த்ததையும் நடித்தோம். வகுப்பு அதிரச் சிரித்தது. நகைச்சுவை மிக்க ஆசிரியர் என்ற பெயர் எமக்கு அன்றுதான் கிட்டியது. அதன்பின் அவர் எந்த வினாவுக்கும் கையுயர்த்தியதில்லை. அடுத்த தவணைக்கு வரவுமில்லை. ஏனென்று நாம் விசாரிக்கவுமில்லை.

"சுகமா இருக்கிறியளே, சேர்? இவை பிள்ளையளோ?" என்றார். வெள்ளிதோறும் மடத்தில் பரிமாற வருவதாகச் சொன்னார். எமக்கு நாவெழவில்லை. "தம்பி, அண்டைக்கு வகுப்பில..." என்று தொடங்கினோம். பின்னால் யாரோ சோறு கேட்டழைத்தனர். அவர் விரைந்து சென்றுவிட்டார்.

"ஆர் அப்பா அவர்?" என்றாள் மகள்.

சொன்னோம். நடித்துக் காட்டியதையும் மறைக்காது சொன்னோம். அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது தாள் இருக்கெண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று கேட்டாள். மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றவர் நாமே என்பதையும் அவளிடம் சொல்லவேண்டியதாயிற்று.

வாளி மீண்டும் எம் வரிசைக்குத் திரும்பிவந்தது. "இன்னும் கொஞ்சம் போடட்டோ, சேர்?"

வயிறு நிறைந்திருந்தது. "போடும் தம்பி" என்றோம்.