நீர் ஊற்றுமுன் மண்ணைத் தொடுங்கள்



குருமடத்தில் நான் பல ஆண்டுகள் தத்துவமும் இறையியலும் கற்றேன். மண்வெட்டி பிடித்த நாட்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே ஐம்பது வயதைக் கடந்தபின், பங்கு இல்லத்தின் பின்புறம் வெறுமையாய்க் கிடந்த நிலத்தில் தோட்டம் போட முனைந்தபோது, அத்துறையில் நான் ஒரு சிறுவனாகவே இருந்தேன். அப்போது நான் செய்த பிழையை எடுத்துரைப்பது, புதிதாகத் தோட்டம் போட விரும்பும் குடும்பங்களுக்குப் பயன்படும் என எண்ணுகிறேன்.

எங்கள் பங்கில் ஒரு மூதாட்டி உண்டு. அவருடைய கணவர், தாம் மறைவதற்குச் சில மாதங்கள் முன்பு, எலுமிச்சை விதையிட்டு இரண்டு கன்றுகளை வளர்த்திருந்தார். அவற்றுள் ஒன்றை அம்மையார் என்னிடம் கொடுத்து, "சாமி, அவர் கையால் முளைத்தது. உங்கள் தோட்டத்தில் இருக்கட்டும்" என்றார்.

அதைப் பெரும் பொறுப்பாக ஏற்றேன். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என நீர் வார்த்தேன். எங்கள் நிலமோ களிமண். ஊற்றிய நீர் தூரிலேயே தேங்கி நின்றது. பத்து நாட்களில் இலைகள் மஞ்சளித்துத் தொங்கின. தாகம் போலும் என்று கருதி மூன்றாவது குடமும் ஊற்றினேன். போதாததற்கு, அன்றைய பச்சைச் சாணத்தை அள்ளித் தூரில் குவித்தேன். மாதம் முடியுமுன் கன்று பட்டுப்போயிற்று. பிடுங்கிப் பார்த்தபோது வேர்கள் கறுத்து அழுகி நாறின.

இரண்டு ஞாயிறுகள் அந்த அம்மையாரின் கண்ணில் படாமல் நழுவினேன். மூன்றாம் ஞாயிறு மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்கே சென்று உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "குழந்தைக்குப் பசிக்கிறதா என்று பார்த்துத்தானே சோறு ஊட்டுவோம், சாமி? மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் தொட்டதே இல்லை.

மறுநாள் இரண்டாவது கன்றோடு வந்து நின்றார். நான் வாங்க மறுத்தேன். "இதுவும் போனால் ஏச மாட்டேன். ஆனால் நான் சொல்கிறபடி செய்யுங்கள்" என்றார். அவரிடம் கற்றவற்றையும் பின்னர் படித்தறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

முதலாவது, இடம். நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் விழுவதாகவும், மழைநீர் தேங்காததாகவும் இருக்கவேண்டும். களிமண்ணாயின் பாத்தியை அரையடி உயர்த்திக்கொள்ளுங்கள். எலுமிச்சைக் கன்றின் தூரைச் சுற்றி மண் அணைத்து, நீரை அதற்கு வெளியே வட்டமாகப் பாய்ச்சவேண்டும். தண்டில் ஈரம் நிற்கலாகாது.

இரண்டாவது, நீர். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் குடத்தைக் கீழே வைத்துவிடுங்கள். உலர்ந்திருந்தால் வேர்வரை நனையும்படி ஊற்றுங்கள். வேர்களும் சுவாசிக்கின்றன. மண்ணின் இடைவெளிகளில் எந்நேரமும் நீரே நிறைந்திருந்தால், காற்றின்றி அவை அழுகுகின்றன. அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. எனவே மூழ்கும் செடியும் தாகமுற்ற செடியும் ஒன்றுபோலவே வாடி நிற்கும். என்னை ஏமாற்றியது இதுவே.

மூன்றாவது, உரம். பச்சைச் சாணம் மட்கும்போது சூடேறி இளவேரைக் கருக்கும். புழுக்களும் அதில் பெருகும். நன்கு மட்கிய எரு காப்பித்தூள்போல் உதிரும், நாற்றம் இராது. அதையே இடுங்கள். மண்மீது காய்ந்த சருகைப் பரப்பினால் ஈரம் விரைவில் வற்றாது. சருகு தண்டை மட்டும் ஒட்டவேண்டாம்.

நான்காவது, சிறிதாகத் தொடங்குங்கள். ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு பாத்தி போதும். சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவினால் ஏறக்குறைய நான்கு வாரங்களில் பறிக்கலாம். வெண்டையை ஒன்றரை அடி இடைவெளியில் நேரடியாக ஊன்றுங்கள். ஐம்பது நாட்களுக்குள் காய் காணலாம். கத்தரியும் மிளகாயும் நாற்றுவிட்டு, ஒரு மாதத்துக்குப் பின் மாலை வேளையில் பிடுங்கி நடவேண்டியவை.

ஐந்தாவது, நாள்தோறும் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். பூச்சிகள் முதலில் குடியேறுவது அங்கேதான். தொடக்கத்தில் கையால் பொறுக்கினாலே போதும். மிகுந்தால், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலக்கி, மாலையில் தெளியுங்கள்.

இரண்டாவது கன்று இன்று என் மார்பளவு வளர்ந்து, முள்ளும் தழையுமாய் நிற்கிறது. இன்னும் பூக்கவில்லை. விதையிலிருந்து வந்த எலுமிச்சை காய்க்க நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிடலாம். முதல் காயைப் பறிப்பவர் எனக்குப் பின் வரும் பங்குத்தந்தையாக இருக்கலாம். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மையார் தோட்டத்துப் பக்கம் வருவார். குனிந்து முதலில் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகே நிமிர்ந்து, "சாமி, நலமா?" என்று கேட்பார்.